தொழில் வளாகங்களுக்கான களைக்கொல்லிகள்: ஒரு வருடம் நிற்கும் மருந்தை எப்படித் தேர்ந்தெடுப்பது

எண்ணெய் டேங்க் வளாகம், துணை மின் நிலையம், சரக்கு யார்டு, குழாய்ப்பாதை, வேலியோரம் போன்ற இடங்களில் களையை அகற்றுவது அழகுக்காக அல்ல. காய்ந்த புல் தீயை இழுத்து வரும். தண்டவாள ஜல்லிக்குள் வேரும் மண்ணும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் வடியாது. துணை மின் நிலையத்தில் ஜல்லியைப் பரப்புவதே ஆளின் காலுக்கும் தரைக்கும் நடுவே மின்தடையாக இருக்கத்தான். மட்கிய களை அந்த ஜல்லியை நிரப்பினால் தடை குறையும். ஆகவே இங்கே தேவைப்படுவது இருக்கிற செடியைக் கருக்குவதோடு நிற்கும் மருந்து அல்ல. அடுத்த விதையை மாதக்கணக்கில் எழவிடாத மருந்து.

எத்தனை மாதம் தாங்கும் என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். எங்கள் கணக்கில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. மருந்து மண்ணில் எவ்வளவு நாள் இருக்கும் என்பதைவிட, போட்ட இடத்திலேயே இருக்குமா என்பதுதான் முக்கியம். வேலிக்கு அந்தப்பக்கம் மரம், பயிர், கிணறு, ஓடை எதுவும் இல்லாத தொழில் வளாகம் அபூர்வம். கீழே ஒவ்வொரு மருந்தையும் அந்தக் கண்ணோடுதான் மதிப்பிட்டிருக்கிறோம். வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் டிரம்மில் உள்ள செயல்படு மூலப்பொருளின் (களையைக் கொல்லும் வேதிப்பொருளின்) பெயரையே பாருங்கள். அது உங்கள் நாட்டில், பயிரில்லா நிலத்துக்கென்று பதிவாகியிருக்கிறதா என்பதை லேபிளில் உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.

கிளைபோசேட்: வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது

ஏற்கெனவே எழுந்து நிற்கும் களைக்கு இன்றும் முதல் மருந்து இதுதான். இலை வழியே புகுந்து வேர் வரை போகும். அருகு போன்ற பல்லாண்டுப் புல்லை அடிவரை சாகடிக்கும். முழு விளைவு தெரிய 7 முதல் 14 நாள் ஆகும். ஆனால் மண்ணில் பட்டதும் துகள்களோடு ஒட்டிக்கொண்டு செயலிழந்துவிடும். கிளைபோசேட்டை மட்டும் அடித்துவிட்டு ஆறு மாதம் சுத்தமாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது வீண். அடுத்த மழையில் புதுவிதை முளைத்துவிடும்.

மண்ணில் ஒட்டும் அதே குணம்தான் பல தோல்விகளுக்கும் காரணம். சேறு கலந்த நீரில் கரைத்தால் டேங்கிலேயே வீரியம் போய்விடும். லாரி ஓடும் பாதையோரத்தில் இலைமேல் சிமென்ட் தூசு, மண் தூசு அப்பியிருந்தாலும் அதே கதி. அங்கே ஒரு மழை கழுவியபிறகு அடியுங்கள். கடின (உப்பு) நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் கிளைபோசேட்டைப் பிடித்துக்கொள்ளும். லிட்டருக்கு 20 கிராம் அம்மோனியம் சல்ஃபேட்டை முதலில் கரைத்துவிட்டு, அப்புறம் மருந்தை ஊற்ற வேண்டும். வரிசை மாறினால் பலன் குறையும். இன்னொன்று: கால்வனைஸ் செய்த இரும்புத் தொட்டியிலோ பூச்சில்லாத இரும்பு டிரம்மிலோ இதைக் கலக்கவோ வைக்கவோ கூடாது. உலோகத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்தில் தீப்பொறி பட்டால் வெடிக்கும். பிளாஸ்டிக், ஃபைபர் கிளாஸ் அல்லது துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி போதும்.

எதிர்ப்புத்திறனையும் மறக்கக் கூடாது. 1996இல் ஆஸ்திரேலியாவில் ஒரு ரைபுல் வகை முதன்முதலாக கிளைபோசேட்டைத் தாங்கி நின்றது. 2000இல் அமெரிக்காவின் டெலவேரில் கொனைசா எனும் அகன்ற இலைக் களையும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. ஒரே மருந்தை ஆண்டுக்கு நான்கு முறை அடிக்கும் வளாகங்கள் எதிர்ப்புத்திறனைத் தாங்களே வளர்த்துக்கொள்கின்றன.

இண்டாசிஃப்ளாம்: எங்கள் முதல் தேர்வு

எஸ்பிளனேட் என்ற பெயரில் பல நாடுகளில் விற்கப்படுவது இதுதான். வேர்முனையில் செல்லுலோஸ் உருவாகாமல் தடுப்பதால் முளைக்கும் விதை மேலே வர முடியாது. லிட்டருக்கு 200 கிராம் உள்ள தயாரிப்பில் எக்டருக்கு சுமார் 365 முதல் 500 மில்லிதான் தேவை. தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும், லிட்டருக்கு 3 மில்லிகிராம் அளவுக்கு. அதனால் மேல்மண்ணில் சில சென்டிமீட்டர் ஆழத்திலேயே தங்கிவிடும். ஆழமாக வேர்விட்ட மரங்களுக்குப் பக்கத்தில் இதை நம்பிப் பயன்படுத்த முடிவதற்கு அந்தக் குணமே காரணம். மண்ணில் பாதியாகக் குறையவே ஐந்து மாதத்துக்கும் மேல் ஆகும். சரியாகப் போட்டால் ஒரு முழுப் பருவம் தாண்டும்.

குறைகளும் உண்டு. எழுந்து நிற்கும் செடியை இது ஒன்றும் செய்யாது. கிளைபோசேட்டோ வேறு இலைவழி மருந்தோ கூடவே வேண்டும். கிழங்கிலிருந்து எழும் கோரையையும் நிறுத்தாது. சருகு மண்டிய இடத்தில் போட்டால் மருந்து சருகிலேயே ஒட்டிக்கொள்ளும், மண்ணுக்குப் போகாது. தெளிக்கும் முன் பெருக்கி அள்ளுவது இந்த மருந்துக்கு விருப்ப வேலை அல்ல, கட்டாயம். தெளித்தபின் 10 முதல் 15 மில்லிமீட்டர் மழை அல்லது நீர் விழுந்தால்தான் வேலையைத் தொடங்கும். அதற்கு முன் முளைத்துவிட்டவை தப்பித்துவிடும்.

ஃப்ளூமியாக்சசின்: நல்ல துணை, தண்ணீரைச் சோதித்துவிட்டுக் கலக்கவும்

எக்டருக்கு ஏறத்தாழ 280 முதல் 430 கிராம் மூலப்பொருள். அகன்ற இலைக் களைகளில் வலுவானது, மண்ணில் அதிகம் நகராது. தனியாகப் போட்டால் சில மாதங்கள்தான். இண்டாசிஃப்ளாமோடு சேர்த்தால் இரண்டும் வெவ்வேறு வழியில் தாக்குவதால் ஒன்றுக்குத் தப்பும் களை மற்றதில் மாட்டும்.

இந்த மருந்து வேலை செய்யவில்லை என்று வரும் பல புகார்களுக்கு டேங்கில்தான் காரணம் இருக்கும். காரத்தன்மை கூடிய நீரில் இது வேகமாகச் சிதையும். பிஎச் 5இல் சில நாள் தாங்குவது, பிஎச் 7இல் ஒரு நாளுக்குள் பாதியாகிவிடும். பிஎச் 9இல் அரைமணி நேரம்கூடத் தாங்காது. காலையில் கலந்து, சாப்பாட்டுக்குப் பிறகு மீதியை அடிக்கும் பழக்கம் இங்கே செல்லாது. ஆழ்குழாய் நீரானால் பிஎச் தாளில் பார்த்து, 7க்கு மேல் இருந்தால் அமிலமாக்கும் திரவத்தால் 5க்கும் 6க்கும் நடுவே கொண்டுவந்து, கலந்த சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

டையூரான், சல்ஃபோமெட்யூரான்

டையூரான் பழைய, மலிவான மருந்து. வெறுந்தரையாக வைத்திருக்க எக்டருக்குக் கிலோக்கணக்கில் போட வேண்டும். லிட்டர் நீரில் 40 மில்லிகிராம் அளவுக்குக் கரைவதால் மிதமாகத்தான் நகரும் என்றாலும், சரிவான தளத்தில் மழைநீரோடு வடிகாலில் இறங்கும். நீர்வாழ் உயிர்களுக்குக் கெடுதல். சமதளமாக, வடிகால் தூரமாக இருக்கும் யார்டுக்கு மட்டும் சரி.

சல்ஃபோமெட்யூரான் வேறு மாதிரி. எக்டருக்குச் சில நூறு கிராமே போதும். புல், அகன்ற இலை இரண்டையும் பிடிக்கும். அவ்வளவு குறைந்த அளவில் வேலை செய்யும் மருந்து, அதைவிடக் குறைந்த அளவில் பக்கத்துப் பயிரையும் கெடுக்கும். அமெரிக்காவின் ஐடஹோவில் 1999, 2000 ஆண்டுகளில் காட்டுத்தீயில் எரிந்த நிலங்களில் இதைத் தெளித்தார்கள். மேல்மண் காற்றில் பறந்து விளைநிலங்களில் விழுந்து, பயிர்சேத வழக்குகள் பல ஆண்டு நீண்டன. புழுதி பறக்கும் உலர்ந்த மண்ணில் இதைப் போடவே கூடாது என்பது அங்கே கிடைத்த பாடம். ஜல்லி பரப்பிய, மண் எழாத இடத்தில் போடலாம். காரமண்ணில் சிதைவு இன்னும் மெதுவாகும் என்பதால் அடுத்து அங்கே புல்வெளியோ மரமோ வைக்கும் திட்டம் இருந்தால் தவிர்த்துவிடுங்கள்.

இமாசபைர்: வேரைப் பிடிக்கும், பக்கத்து வேரையும் பிடிக்கும்

தர்ப்பை, நாணல், கோரை, முட்புதர் என்று எதற்கும் அசையாத பல்லாண்டுக் களைகளுக்கு இதைவிடப் பலமானது குறைவு. எக்டருக்கு அரை கிலோவிலிருந்து ஒன்றரை கிலோ மூலப்பொருள் வரை போடுவார்கள். இலையிலும் வேரிலும் புகும், ஓராண்டு வரை தாங்கும். ஆனால் நீரில் நன்றாகக் கரையும், மண்ணில் பிடிப்பு குறைவு. போதாததற்கு, மருந்து பட்ட செடியின் வேர் வழியே மண்ணுக்குத் திரும்பிவந்து பக்கத்து மரத்தின் வேரில் ஏறும். மரத்தின் வேர் கிளைவிரிவின் நிழலோடு நிற்பதில்லை. அதைப்போல இரண்டு மூன்று மடங்கு தூரம் ஓடும். வேலியிலிருந்து பத்து மீட்டர் உள்ளே போட்டதற்கு வெளியே நிற்கும் வேம்பு அடுத்த பருவத்தில் காய்ந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மரம் இல்லாத திறந்த யார்டில் இது நல்ல மருந்து. மற்ற இடத்தில் திட்டுத்திட்டாகக்கூட வேண்டாம்.

டெபுதையூரான், ஹெக்சாசினோன், புரோமாசில்

மூன்றுக்கும் எங்கள் தீர்ப்பு ஒன்றே: வழக்கமான வளாகத்துக்கு வேண்டாம். டெபுதையூரான் மண்ணில் பாதியாகக் குறைய ஓராண்டுக்கு மேல் எடுக்கும். ஹெக்சாசினோன் லிட்டருக்கு 30 கிராமுக்கும் மேல் கரையும். புரோமாசில் மண்ணில் ஒட்டவே ஒட்டாது, நேரே நிலத்தடி நீருக்கு இறங்கும். டிரம்மில் கண்ணைக் கவரும் நீண்ட பலன் காலம் இந்த மூன்றிலும் இருக்கிறது. மணல்பாங்கான தரையில், ஆழமில்லாத நீர்மட்டத்தில், அந்தக் காலம் முழுக்கக் கிணற்றை நோக்கி நகரும் காலமாகவும் ஆகிறது. புரோமாசிலும் டையூரானும் சேர்ந்த கலவைகளுக்கும் இதே தீர்ப்புதான். பெயரைப் பார்த்து ஏமாறாமல் பின்பக்கம் உள்ள மூலப்பொருள் பட்டியலைப் படியுங்கள்.

பாராகுவாட் இன்னும் சில இடங்களில் விற்கிறது. இரண்டு நாளில் களை கருகும், வேர் சாகாது, மூன்று வாரத்தில் மறுபடி துளிர்க்கும். ஒரு வாய் உள்ளே போனால் உயிர் போகும். விஷமுறிவு மருந்து கிடையாது. நீண்டகாலக் கட்டுப்பாட்டில் அதற்கு இடமே இல்லை. சோடியம் குளோரேட்டும் அப்படியே: காய்ந்த செடியோடும் துணியோடும் சேர்ந்தால் எளிதில் தீப்பற்றும் பொருளை, தீயைத் தடுக்கவே களையெடுக்கும் இடத்தில் எதற்குப் போட வேண்டும்?

எதைச் சேர்த்துப் போடுவது

பெரும்பாலான ஜல்லித் தளங்களுக்கு நாங்கள் சொல்வது இது. முதலில் சருகை அள்ளுங்கள். மழைக்காலம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வாரம் முன், இண்டாசிஃப்ளாம், ஃப்ளூமியாக்சசின், கிளைபோசேட் மூன்றையும் ஒரே கலவையாகத் தெளியுங்கள். முழங்காலுக்கு மேல் வளர்ந்த களை இருந்தால் மூன்று வாரம் முன்பே கிளைபோசேட் அடித்து, காய்ந்ததை வெட்டி அகற்றிவிட்டு, அப்புறம் மண்மருந்துக்கு (மண்ணில் தங்கி விதையை எழவிடாத மருந்துக்கு) வாருங்கள். உயர்ந்த களையின் மேலே தெளித்தால் மண்மருந்தில் பெரும்பங்கு இலையிலேயே தங்கிவிடும். பெருமழை எச்சரிக்கை இருக்கும் நாளில் தெளிக்கவே வேண்டாம். செயல்பட வைக்க மெல்லிய மழை தேவை, கொட்டும் மழை மருந்தை வடிகாலுக்குக் கொண்டுபோகும்.

சீமைக்கருவேலம் மாதிரியான மரச்செடிக்கு மண்மருந்தைத் தேடிப் போகாதீர்கள். தரையோடு வெட்டி, வெட்டிய முகத்தில், குறிப்பாகப் பட்டைக்கு உள்ளே ஒட்டியிருக்கும் பச்சை வளையத்தில், கிளைபோசேட்டையோ டிரைகுளோபைரையோ தூரிகையால் தடவுங்கள். வெட்டிய சில நிமிடத்துக்குள் தடவ வேண்டும். முகம் காய்ந்துவிட்டால் மருந்து இறங்காது, அடுத்த மழைக்கு அடிக்கட்டையிலிருந்து பத்து கிளை எழும்.

கான்கிரீட், தார்த் தளத்தின் விரிசல்களில் மண்மருந்து போடக் கூடாது. அங்கே பிடித்துக்கொள்ள மண் இல்லை; எல்லாம் வடிகாலுக்குத்தான் போகும். விரிசலை அடைத்துவிட்டு, மிஞ்சும் செடிக்கு மட்டும் கிளைபோசேட் புள்ளித் தெளிப்பு போதும்.

அளவு பிடிப்பது

இண்டாசிஃப்ளாம் மாதிரி எக்டருக்கு அரை லிட்டருக்குள் போடும் மருந்தில் மூடிக்கணக்கு, கைக்கணக்கு எல்லாம் ஆபத்து. 10 மீட்டருக்கு 10 மீட்டர் கட்டம் போட்டு, வெறும் நீரை வழக்கமான நடையில் தெளித்து, எவ்வளவு தீர்ந்தது என்று அளந்து பாருங்கள். 3 லிட்டர் ஆனால் எக்டருக்கு 300 லிட்டர். 15 லிட்டர் முதுகுத் தெளிப்பான் ஒன்று 500 சதுர மீட்டருக்கு வரும். எக்டருக்கு 500 மில்லி மருந்து என்றால் ஒரு டேங்குக்கு 25 மில்லி. வண்டியில் பூம் (நாசில்கள் வரிசையாகப் பொருத்திய நீண்ட குழாய்) வைத்துத் தெளித்தால் கணக்கு இப்படி: எல்லா நாசில்களும் நிமிடத்துக்கு விடும் மொத்த லிட்டரை 600ஆல் பெருக்கி, மணிக்குக் கிலோமீட்டர் வேகத்தையும் மீட்டரில் தெளிப்பு அகலத்தையும் பெருக்கிய எண்ணால் வகுத்தால் எக்டருக்கு எத்தனை லிட்டர் என்று கிடைக்கும். ஒவ்வொரு நாசிலின் கீழும் குவளை வைத்துப் பாருங்கள். மற்றவற்றோடு ஒப்பிட 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் காட்டும் நாசிலை மாற்றிவிடுங்கள்.

காற்றை உள்ளிழுக்கும் வகை நாசிலில், 2 பார் அழுத்தத்தில், பெருந்துளியாக விழ வைக்க வேண்டும். காற்று மணிக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டினால் நிறுத்துங்கள். துளிக்காற்றுகூட இல்லாத விடியற்காலையும் ஆகாது; தரையையொட்டிய குளிர்காற்றில் நுண்துளி மிதந்து எங்கேயோ போய் இறங்கும்.

டேங்கில் பாதி நீர் நிரப்பி, கலக்கும் கருவியை ஓடவிட்டு, அம்மோனியம் சல்ஃபேட், பிறகு தூளும் குருணையும், அடுத்து கெட்டித் திரவம், பிறகு எண்ணெய்க் குழம்பு, கடைசியில் கிளைபோசேட் மாதிரி நீரில் கரையும் திரவம் என்ற வரிசையில் சேர்த்துவிடுங்கள். வரிசை தப்பினால் டேங்கின் அடியில் தயிர்க்கட்டி மாதிரித் திரண்டு சல்லடையை அடைக்கும். இண்டாசிஃப்ளாமும் ஃப்ளூமியாக்சசினும் அடியில் படியும் தன்மை கொண்டவை என்பதால் தெளித்து முடிக்கும்வரை கலக்கும் கருவி நிற்கக் கூடாது. முதுகுத் தெளிப்பானில் அந்தக் கருவி கிடையாது. சில நிமிடத்துக்கு ஒருமுறை குலுக்க வேண்டும்.

எண்ணெய் டேங்க் வளாகத்துக்குள் பெட்ரோல் எஞ்சின் தெளிப்பானை எடுத்துப்போகும் முன் பணி அனுமதிச் சீட்டில் அது தீப்பொறி எழுப்பும் கருவி என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கைப்பம்பு. துணை மின் நிலையத்தில் நாசில் இடுப்புக்கு மேல் எழவே கூடாது.

தப்பிய களையைப் படிப்பது

இரண்டு மாதம் கழித்து வளாகத்தைச் சுற்றி வாருங்கள். எங்கே பச்சை இருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். நேர்கோடாக நீளும் பச்சை என்றால் ஒரு நாசில் அடைத்திருந்தது, அல்லது இரண்டு நடைக்கு நடுவே இடைவெளி விழுந்தது. இதைத் தடுக்க டேங்கில் அடையாளச் சாயம் கலந்தால் போதும். கம்பத்துக்கும் குழாய்த் தாங்கிக்கும் ஒரே பக்கத்தில் மட்டும் கைப்பிடிப் புல் நின்றால், அந்தப் பக்கம் மருந்து படாமல் தூண் மறைத்திருக்கிறது. அடுத்தமுறை எதிர்த்திசையிலிருந்தும் ஒரு வீச்சு தேவை. சுவரடியில் சருகு சேரும் மூலையில் மட்டும் களை என்றால் பெருக்கவில்லை. தளம் முழுக்க ஒரே ஒரு இனம் பரவியிருந்தால் அதுதான் கவலைக்குரியது: அந்தக் களைக்கு அந்த மருந்து ஏறவில்லை, அல்லது எதிர்ப்புத்திறன் வந்துவிட்டது. கோரையும் மூக்கிரட்டையும் அப்படித் தனித்து மிஞ்சினால் முதல் காரணம். கிழங்கிலிருந்தும் ஆணிவேரிலிருந்தும் எழுபவற்றை முளைப்புத் தடை மருந்து பிடிக்காது. முன்பு நன்றாகச் செத்த களை இப்போது மிஞ்சினால், அளவும் தண்ணீரும் சரியாக இருந்தும் அப்படியென்றால், இரண்டாவது. அப்போது டோஸைக் கூட்டாதீர்கள், மருந்தின் குழுவை, அதாவது அது களையைக் கொல்லும் வழியை, மாற்றுங்கள். லேபிளில் ஒரு எண் அச்சாகியிருக்கும்: கிளைபோசேட் 9, ஃப்ளூமியாக்சசின் 14, இண்டாசிஃப்ளாம் 29, சல்ஃபோமெட்யூரானும் இமாசபைரும் 2. வெவ்வேறு பெயர், ஒரே எண் என்றால் அது மாற்றம் ஆகாது.

தப்பிய சில செடிகளைப் பூக்கும் முன் புள்ளித் தெளிப்பில் முடித்துவிட்டால் மண்ணில் விதைச் சேமிப்பு ஆண்டுக்காண்டு குறையும். இரண்டாம் ஆண்டில் லேபிளின் கீழ் எல்லை அளவே பல தளங்களுக்குப் போதுமானதாகிவிடும். ஒவ்வொரு தளத்திலும் வேலியிலிருந்து தள்ளி இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் கட்டம் ஒன்றைத் தெளிக்காமல் விட்டுக் குச்சி நட்டு வையுங்கள். அதில் எவ்வளவு முளைத்தது என்று பார்த்தால்தான் மருந்து வேலை செய்ததா, மழை பொய்த்ததால் களையே வரவில்லையா என்று பிரித்துச் சொல்ல முடியும்.